வெற்றியும் தோல்வியும்
(விளையாட்டின் வழியே சிறுவர்க்கு நல்லொழுக்கம்)

ஒழுக்கத்தை உயிரிலும் மேலானதாகப் போற்றுவது இந்து சமயம். வள்ளுவப் பெருந்தகை ஒழுக்கமுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் ஒழுக்கம் என்பது ஏட்டில் எழுதி மனனம் செய்து ஒப்புவிப்பதால் மட்டும் பிள்ளைகளுக்கு வந்துவிடுவதில்லை. பொய் சொல்லலாகாது என்று நூறு முறை எழுதிய பிள்ளை, பொய் சொன்னால் வெல்லலாம் என்ற நிலை வரும்போது என்ன செய்கிறது என்பதிலேதான் அப்பிள்ளையின் ஒழுக்கம் தெரியவரும். அத்தகைய சோதனை சிறுவர்களுக்கு அடிக்கடி நேரும் இடம் விளையாட்டு மைதானம் ஆகும். எனவே வீடு, பாடசாலை, ஆலயம் ஆகிய மூன்றும் விளையாட்டை வெறும் பொழுதுபோக்காக விட்டுவிடாது, நற்பண்பை ஊட்டும் நல்ல சாதனமாகக் கொள்வது காலத்தின் தேவையாகும்.

சமயமும் விளையாட்டும்

விளையாட்டுக்கும் சமயத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பதுண்டு. 1897ஆம் ஆண்டு சென்னையில் இளைஞர்கள் முன் உரையாற்றிய சுவாமி விவேகானந்தர், கீதையைப் படிப்பதைக் காட்டிலும் உதைபந்தாடுவதன் மூலம் இறைவனை இன்னும் அண்மையில் சென்றடையலாம் என்ற கருத்தை வெளியிட்டார். இதனைக் கேட்டு அன்று பலர் திகைத்திருக்கக்கூடும். ஆனால் சுவாமிகள் கீதையைத் தாழ்த்தவில்லை. உடலும் உள்ளமும் உறுதிபெற்றவனுக்கே கீதையின் பொருள் விளங்கும் என்பதே அவர் கருத்து.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் அருச்சுனனுக்குக் கூறும் உபதேசமும் இதுவே. இன்ப துன்பத்தையும், இலாப நட்டத்தையும், வெற்றி தோல்வியையும் சமமாகக் கொண்டு கடமையைச் செய் என்கிறார். இதனைப் பெரியவர்கள் படித்துப் பொருள் சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு இது எப்படி விளங்கும்? நூறு மீற்றர் ஓட்டத்தில் கடைசியாக வந்த பிள்ளை, கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலாவதாக வந்த பிள்ளையிடம் போய்க் கைகொடுக்கும்போது அந்த உபதேசத்தின் முதற்படியில் கால் வைத்துவிடுகிறது. கீதை சொல்வதைச் செய்து பார்ப்பதற்குச் சிறுவர்களுக்குக் கிடைத்த களம் விளையாட்டே எனலாம்.

மட்டக்களப்பின் வழிபாட்டு மரபில் விளையாட்டு கோயில் வீதியிலேயே இடம்பெற்றது. கண்ணகை அம்மன் வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டையும் போர்த்தேங்காய் அடித்தலையும் மூத்தோர் அறிவர். கொம்புமுறியில் ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரியார் கோவலன் கட்சி, தென்சேரியார் கண்ணகை கட்சி. வைரம் பாய்ந்த வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, இரு கட்சியாரும் இழுப்பர். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் அம்மனை மகிழ்விக்க இது ஆடப்பட்டது. வித்துவான் வீ. சீ. கந்தையா அவர்களின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்ற நூல் இவ்விளையாட்டைப் பற்றி விரிவாகக் கூறுகின்றது. சிங்கள மக்கள் பத்தினித் தெய்வ வழிபாட்டில் ‘அங்கெலிய’ என்ற பெயரில் இதே விளையாட்டை ஆடுவர்.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. எக்கட்சியின் கொம்பு முறிந்தாலும் பெய்யும் மழை இரு கட்சியாரின் வயலுக்கும் பொதுவானது. விலகுகின்ற நோயும் இரு கட்சியாரின் வீட்டை விட்டே விலகுகின்றது. ஆகவே தோற்றவரும் பயன் பெறுகின்ற விளையாட்டாக முன்னோர் இதனை அமைத்தனர். போட்டி வேண்டும், பகை வேண்டாம் என்பதே இதன் உட்பொருள். இந்த உட்பொருளை மறந்து வசைப்பாட்டு எல்லை மீறிக் கைகலப்பாக மாறிய காலமும் உண்டு. விளையாட்டு தன் நோக்கத்தை இழந்தால் தெய்வத்தின் பேரால் நடந்தாலும் அது நன்மை தராது என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

இதிகாசங்கள் காட்டும் நெறி

இதிகாசங்களிலும் இந்நெறி தெளிவாகப் பேசப்படுகின்றது. இராவணன் முதல்நாட் போரில் தேரும் படைக்கலமும் இழந்து வெறுங்கையோடு நிற்கிறான். ஓர் அம்பு போதும், போர் முடிந்துவிடும். சீதையைச் சிறைவைத்த பகைவன் அவன். ஆயினும் இராமபிரான் அம்பு தொடுக்கவில்லை. திரும்பிப் போய், படைக்கலத்தோடு மறுநாள் வருமாறு கூறி அனுப்புகின்றார். எதிரி விழுந்து கிடக்கும்போது அடிப்பது வெற்றியன்று என்பதை இதைவிட எளிதாகப் பிள்ளைகளுக்கு விளக்க முடியாது.

இதற்கு மறுபுறமான நிகழ்ச்சி பாரதத்தில் வருகின்றது. வீமனும் துரியோதனனும் கதாயுதப் போர் புரிகையில் வீமன் இடுப்புக்குக் கீழே துடையில் அடித்து வீழ்த்துகின்றான். துரியோதனன் தீயவன் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அவன் துடையைப் பிளப்பேன் என்று வீமன் சபையில் சபதம் செய்தவன் என்பதும் உண்மை. ஆயினும் இருவருக்கும் கதாயுதம் பயிற்றிய பலராமர், இடுப்புக்குக் கீழே அடிப்பது விதிக்கு மாறானது என்று வெகுண்டு எழுகின்றார். தன் பக்கம் நியாயம் இருந்தாலும் விதியை மீறி அடைந்த வெற்றியில் ஒரு மறு இருக்கவே செய்யும் என்பதைப் பாரதம் மறைக்காமல் சொல்கின்றது. வடமோடிக் கூத்திலே பாரதக் கதையைப் பார்த்து வளர்ந்த மட்டக்களப்பு மக்களுக்கு இது புதிய செய்தியன்று. கூத்துக்களரியில் கண்டதை மைதானத்திலும் நினைவூட்டுவதே பெரியோர் செய்யவேண்டியது.

கிளித்தட்டு கற்பிக்கும் பாடம்

சில தலைமுறைகளுக்கு முன்னர் மாலை வேளைகளில் வளவுகளிலும் கோயில் வீதியிலும் நிலவொளியிலும் சிறுவர் கிளித்தட்டு ஆடினர். நிலத்தில் கோடு கீறினால் போதும், செலவு ஒரு சதமும் இல்லை. அதில் நடுவர் என்று எவரும் நிற்பதில்லை. கோட்டைக் கடக்கும்போது கை பட்டதா இல்லையா என்பது பட்டவனுக்கும் தொட்டவனுக்கும் மட்டுமே தெரியும். பட்டவன் ‘பட்டது’ என்று தானே ஒப்புக்கொண்டு வெளியேற வேண்டும். ஒப்புக்கொள்ளாதவனை ஏனைய பிள்ளைகள் ‘அழாப்பி’ என்று ஒதுக்குவர். மறுநாள் அவனைச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். எவரும் பார்க்காதபோதும் உண்மை சொல்லும் பழக்கம் இவ்வாறு விளையாட்டோடு விளையாட்டாக ஊறியது.

இன்றைய சிறுவர் பலர் கைத்தொலைபேசியில் விளையாடுகின்றனர். அங்கே தோற்றால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். எதிரே இருப்பவனின் முகம் தெரியாது, அவன் மனம் நோவதும் தெரியாது. தோல்வியைத் தாங்கவும், தோற்றவனைத் தேற்றவும் பழகாத பிள்ளை பரீட்சையில் ஒரு புள்ளி குறைந்தாலும் உடைந்து போகின்றது. எனவே மாலையில் ஒரு மணிநேரமாவது பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புவது படிப்பைக் கெடுப்பதாகாது. படிப்பைத் தாங்கும் மனவலிமையைக் கொடுப்பதாகும்.

விதியும் விளையாட்டுணர்வும்

விதிக்கு உட்பட்டுச் செய்வதெல்லாம் சரியானதாகுமா என்ற கேள்விக்கு அண்மைக்கால வரலாற்றில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2006 டிசம்பரில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் இலங்கை அணி டெஸ்ட் போட்டியில் ஆடியது. ஏனைய வீரர்கள் ஒவ்வொருவராக ஆட்டமிழக்க, குமார் சங்கக்கார தனித்து நின்று ஆடினார். கடைசித் துடுப்பாட்ட வீரராக மறுமுனையில் நின்றவர் முத்தையா முரளிதரன். சங்கக்கார ஓர் ஓட்டம் எடுத்துத் தமது நூறாவது ஓட்டத்தைப் பூர்த்தி செய்தார். அந்த ஓட்டத்தை ஓடி முடித்த முரளிதரன், தோழனை வாழ்த்துவதற்காக எல்லைக்கோட்டை விட்டு வெளியே நடந்தார். பந்து அப்போது விக்கெட் காப்பாளர் பிரெண்டன் மக்கலமின் கைக்கு வந்தது. அவர் விக்கெட்டைத் தட்டினார். பந்து இன்னும் ஆட்டத்தில் இருந்தபடியால் விதிப்படி முரளிதரன் ஆட்டமிழந்தார். இலங்கையின் இன்னிங்ஸும் அத்துடன் முடிந்தது. அப்போட்டியில் நியூசிலாந்து வென்றது.

பத்து ஆண்டுகள் கழிந்தன. 2016ஆம் ஆண்டு இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் விளையாட்டுணர்வு பற்றிய நினைவுப் பேருரை நிகழ்த்த மக்கலம் அழைக்கப்பட்டார். உலகத்தார் முன்னிலையில் அவர் அந்த நிகழ்ச்சியை நினைவுகூர்ந்து, தாம் அன்று செய்தது விளையாட்டின் உணர்வுக்கு மாறானது என்று ஏற்று முரளிதரனிடம் மன்னிப்புக் கோரினார். விதி அவர் பக்கமே இருந்தது. ஆனாலும் மனச்சாட்சி பத்து ஆண்டுகள் கழித்தும் பேசியது. இந்நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரு பாடங்களையும் சேர்த்தே சொல்லவேண்டும். வெல்வதற்காக மட்டும் ஆடினால் பின்னர் மனம் வருந்தும் என்பது ஒன்று. தவறு செய்தவன் அதனை ஒப்புக்கொள்வதற்குக் காலம் கடந்துவிடுவதில்லை என்பது மற்றொன்று.

பின்பற்றத் தக்கவர்கள்

பிள்ளைகள் சொல்வதைக் கேட்பதிலும் பார்ப்பதைச் செய்வதில் வல்லவர்கள். ஆகவே அவர்கள் எவரைப் பார்த்து வளர்கிறார்கள் என்பது முக்கியமானது. பெயர் பெற்ற வீரர்களின் தலைமயிர் வெட்டையும் சப்பாத்தையும் பின்பற்றுவது எளிது. அவர்களின் உழைப்பையும் அடக்கத்தையும் எடுத்துக்காட்டுவதே பெரியோர் கடமை.

முத்தையா முரளிதரனையே எடுத்துக்கொள்ளலாம். 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்ன் மைதானத்தில் பெருந்திரளான மக்கள் முன்னிலையில் அவர் பந்துவீசும் முறை பிழையென்று நடுவர் ஏழு தடவை அறிவித்தார். இருபத்து மூன்று வயது இளைஞனுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. அவர் பந்தை எறிந்துவிட்டு வெளியேறவில்லை. மறுமுனைக்கு மாறிப் பந்துவீச்சைத் தொடர்ந்தார். தம் கையை விஞ்ஞானப் பரிசோதனைகளுக்கு உட்படுத்தினார். 2010 ஜூலை 22இல் காலி மைதானத்தில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டைக் கைப்பற்றி ஓய்வுபெற்றார். பழிச்சொல்லுக்குப் பழிச்சொல்லால் அன்றி உழைப்பால் பதில் சொல்லலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

யாழ்ப்பாணம் தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்களை இக்காலப் பிள்ளைகள் பலர் அறியார். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக் போட்டிகளில் உயரம் பாய்தலில் பங்குபற்றியவர். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார். அந்த 1958 மே மாதத்திலேதான் நாட்டில் இனக்கலவரம் மூண்டு தமிழ் மக்கள் பெருந்துன்பம் அடைந்தனர். அந்த நாட்களிலேயே ஒரு தமிழ் இளைஞர் நாட்டின் பெயரை உயர்த்தி நின்றார். பின்னாளில் கல்வியாளராகவும் அவர் பணியாற்றினார்.

பெண்பிள்ளைகளுக்கும் நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணம் ஏவினைக் கிராமத்தில் பிறந்தவர், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கல்வி கற்றவர். ஏறத்தாழ ஆறடி பத்து அங்குல உயரம் உடையவர். அவ்வளவு உயரமான பெண்பிள்ளை வீதியில் இறங்கினால் எத்தனை கண்கள் திரும்பும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அந்த உயரமே 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வெல்லத் துணையாயிற்று. தன்னிடம் உள்ளதைக் குறையென எண்ணிக் கூனிப்போகாமல் அதனை ஆற்றலாக மாற்றிக்கொள்ளலாம் என்று பெண்பிள்ளைகளுக்கு எடுத்துச்சொல்ல இதைவிட வேறு உதாரணம் வேண்டுவதில்லை.

முன்மாதிரி விளையாட்டு வீரராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. மட்டக்களப்பு மண் ஈன்ற சுவாமி விபுலாநந்தர் 1892இல் காரைதீவில் பிறந்தவர். உயர்ந்த பதவிகள் அவரைத் தேடி வந்தன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பேராசிரியராய் இருந்த காலத்திலும் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த குடியிருப்புக்குச் சென்று பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். கல்லடி உப்போடையில் 1929இல் அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலயம் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைத் தலைநிமிரச் செய்தது. பெற்றதைப் பகிர்ந்தளிப்பதே பெரும் வெற்றி என்பதை வாழ்ந்து காட்டியவர் அவர்.

வந்தாறுமூலையும் அதன் பிள்ளைகளும்

வந்தாறுமூலை கல்விக்குப் பெயர்பெற்ற ஊர். இலவசக் கல்வியின் தொடக்க காலத்தில் எழுந்த இங்குள்ள மத்திய மகா வித்தியாலயம் கிழக்கின் பல ஊர்களிலிருந்தும் ஏழைப் பிள்ளைகளை விடுதியில் சேர்த்துப் படிப்பித்தது. பல ஊர்ப் பிள்ளைகள் ஒரே மைதானத்தில் ஒன்றாக விளையாடி ஒன்றாக உண்டு வளர்ந்தனர். 1981 ஆகஸ்ட் 1இல் இங்கே மட்டக்களப்பு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அதுவே 1986 ஒக்டோபர் 1 முதல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

அதே வளாகம் கண்ணீரையும் கண்டது. 1990ஆம் ஆண்டு யுத்த காலத்தில் சுற்றுக் கிராமங்களின் மக்கள் அங்கே அகதிகளாகத் தஞ்சம் புகுந்தனர். செப்டம்பர் 5ஆம் திகதி அவர்களுள் 158 பேர் பிரித்துக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. தகப்பன் இல்லாமல், தமையன் இல்லாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. வீட்டில் பார்த்துப் பழக ஆண்துணை இல்லாத பிள்ளைக்கு யார் முன்மாதிரி? தனித்து நின்று வயலிலும் கூலிவேலையிலும் உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய தாய்மாரே முதல் முன்மாதிரி. பாடம் முடிந்த பின்னும் மைதானத்தில் நின்று பழக்கிய ஆசிரியர், அறநெறிப் பாடசாலையில் ஊதியம் பாராது கற்பித்தவர், விளையாட்டுக் கழகத்தில் தம்பிமாரை அரவணைத்த அண்ணன்மார், பேரனின் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டி வந்த அப்பப்பா, அம்மம்மா ஆகியோர் அடுத்தவர். இவர்களுடைய பெயர் பத்திரிகையில் வருவதில்லை. பிள்ளையின் குணத்தில் அவர்களின் பெயர் எழுதப்பட்டிருக்கின்றது.

இதனால் பெரியவர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டாகின்றது. எங்கோ ஒரு பிள்ளை எப்பொழுதும் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றது. மைதானத்தின் ஓரத்தில் நின்று நடுவரைத் தூஷணம் பேசும் தகப்பன், அடுத்த கழகத்துப் பிள்ளை விழுந்ததும் கைதட்டும் பார்வையாளன், தோற்றதும் வெற்றிக்கிண்ணத்தை வாங்க மறுத்துப் போகும் கழகத்தார் ஆகியோரும் பாடம் நடத்துபவர்களே. அந்தப் பாடம் அறநெறி வகுப்பில் ஓராண்டு சொல்லிக் கொடுத்ததை ஒரே மாலையில் அழித்துவிடும்.

செய்யத்தக்கன

இவற்றை மனதிற் கொண்டு வீட்டிலும் ஆலயத்திலும் எளிதாகச் செய்யக்கூடிய சில காரியங்களைக் குறிப்பிடலாம்.

1. விளையாடி வந்த பிள்ளையிடம் ‘வென்றாயா?’ என்று முதலில் கேட்காமல் ‘எப்படி விளையாடினாய், யாரோடு விளையாடினாய்?’ என்று கேட்டல் நன்று. முதற் கேள்வி எதுவோ அதுவே பெற்றோர் மதிக்கும் பொருள் என்று பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

2. தோற்று அழும் பிள்ளையை ஏளனம் செய்தலும் கூடாது, நடுவர் பிழைவிட்டார் என்று பொய்யாகத் தேற்றுதலும் கூடாது. அழுகை தணிந்த பின் அடுத்த முறைக்கு என்ன பழகவேண்டும் என்று பேசுதல் வேண்டும்.

3. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவிலும், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியிலும், ஆலய உற்சவ காலப் போட்டிகளிலும் முதல் மூன்று இடங்களுக்கு மட்டுமன்றி, நன்னடத்தைக்கென ஒரு பரிசு வழங்கலாம். விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட நின்று தன் இடத்தை இழந்த பிள்ளை வெறுங்கையோடு வீடு போகக்கூடாது.

4. கயிறிழுத்தல் முதலிய போட்டிகளில் ஒரே தெருவார், ஒரே குடும்பத்தார் ஒரு பக்கமாகச் சேராமல், சீட்டுக் குலுக்கி அணி பிரித்தல் பகையைக் குறைக்கும்.

5. போட்டி முடிந்ததும் இரு அணியாரும் கைகொடுத்து, ஒரே பந்தியில் அமர்ந்து அன்னதானம் உண்ணும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். ஒன்றாக உண்டவர் மறுநாள் சண்டையிடுவது அரிது.

6. அறநெறிப் பாடசாலையில் வாரம் ஒரு மணிநேரம் கிளித்தட்டு, எட்டுக்கோடு போன்ற பழைய விளையாட்டுகளைப் பழக்கலாம். ஊர் மூத்தோரை அழைத்துக் கொம்புமுறி, போர்த்தேங்காய் பற்றிச் சொல்லுவிக்கலாம்.

7. பெண்பிள்ளைகள் வயது வந்ததும் விளையாட்டிலிருந்து நிறுத்தும் வழக்கத்தைப் பெற்றோர் மீள்பரிசீலனை செய்யவேண்டும். நல்லொழுக்கம் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் பொதுவானது. அதைத் தரும் களமும் பொதுவாக இருத்தல் வேண்டும்.

நிறைவாக

ஆலயத்துள் நுழையும்போது பணக்காரன், ஏழை, வென்றவன், தோற்றவன் என்ற வேறுபாடின்றி எல்லோருடைய கையிலும் ஒரே தீர்த்தமும் ஒரே திருநீறுமே வழங்கப்படுகின்றன. மைதானத்தில் முதலாவதாக வந்த பிள்ளையும் கடைசியாக வந்த பிள்ளையும் மாலைப் பூசையில் ஒரே வரிசையில் நின்று கைகூப்புகின்றன. இறைவன் சந்நிதியில் உள்ள இந்தச் சமநிலையை மைதானத்துக்கும், மைதானத்தில் பெற்ற மனத்திடத்தை வாழ்க்கைக்கும் கொண்டுசெல்லப் பிள்ளைகளைப் பழக்குவதே பெற்றோரும் ஊராரும் செய்யத்தக்க பெருந்தொண்டாகும்.

பரிசுக் கேடயங்கள் காலப்போக்கில் மங்கும். வென்றபோது பணிவும், தோற்றபோது துணிவும், விழுந்தவனைத் தூக்கும் கையும் பெற்ற பிள்ளை ஊருக்கு என்றும் மங்காத விளக்கு. அத்தகைய பிள்ளைகள் வந்தாறுமூலை மண்ணில் பல்கிப் பெருக எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.